ஒஃப்லைன்: ஒரு பிரிண்டரின் பூர்வீகம்

நேற்று வரை ஒழுங்காக வேலை செய்த பிரிண்டர் இண்டைக்கு "ஒஃப்லைன்" என்கிறது. லைட் எரியுது, தாள் இருக்கு, மை இருக்கு, வைஃபை அடையாளமும் நீலமாக நிக்குது. அதே ரௌட்டரில் ஃபோனில யூடியூப் தடையில்லாமல் ஓடுது. கொம்பியூட்டர் மட்டும் பக்கத்து மேசையில் இருக்கிற மெஷினைக் கண்டதே இல்லை எண்டு சத்தியம் பண்ணுது. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கோ வேலைக்கான சி.வி.க்கோ கடைசித் திகதி நாளைக்கு எண்டால் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு கொமியூனிகேசனுக்கு ஓட வேண்டியதுதான். அங்கயும் கிட்டத்தட்ட இதே பிரிண்டர்தான் இருக்கும், ஆனால் வயர் போட்டிருப்பினம். அந்த வயருக்கு ஒரு கதை இருக்கு. அதுக்குப் பிறகு வருவம்.

பிரிண்டர் எண்டாலே சாபம் பிடிச்ச சாமான் எண்டு மீம் போடுவது எங்கட தலைமுறைக்குப் பழகிவிட்டது. நாங்களும் சிரித்திருக்கிறோம். ஆனால் இந்தக் கோளாறுகளைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த ஆண்டு இருப்பது தெரிகிறது. யாரோ ஒருவர் ஏதோ ஓர் ஆண்டில் ஒரு உண்மையான சிக்கலைத் தீர்த்திருக்கிறார். அந்தத் தீர்வு அழியாமல் உள்ளேயே தங்கிவிட்டது. அதுக்கு மேல இன்னொருவர் இன்னொரு தீர்வைக் கட்டினார். உங்கட மேசையில் இருக்கும் மலிவான வைஃபை பிரிண்டருக்குள் அறுபது வருசத்துப் படைகள் இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. "ஒஃப்லைன்" என்ற ஒற்றைச் சொல் அவற்றில் எது உடைந்தது என்று சொல்லாது. ஆனால் எந்தப் படை எப்போது, எதுக்காக வந்தது என்று தெரிந்தால், எங்கே கையை வைத்துப் பார்ப்பது என்று பிடிபடும்.

அடியில் இருந்து தொடங்குவோம்.

1959இல் ஐ.பி.எம். நிறுவனம் 1401 என்ற கணினியையும் அதற்கு 1403 என்ற பிரிண்டரையும் விற்கத் தொடங்கியது. அந்தப் பிரிண்டர் நிமிடத்துக்கு 600 வரி அடிக்கும். அந்தக் காலத்துக்கு அது புயல் வேகம். ஆனாலும் கணக்குப் போடும் கணினியோடு ஒப்பிட்டால் ஆமை. கோடிக்கணக்கில் விலை போன பெரிய கணினி, ஒரு வரி அடித்து முடியும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? அதனால் பெரிய கணினி தன் விடைகளைக் காந்த நாடாவில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அந்த நாடாவை எடுத்துக்கொண்டுபோய் 1401 போன்ற சின்னக் கணினியில் மாட்டி, ஆறுதலாக அடித்துக்கொள்வார்கள். நாடா சுற்றும் உருளைக்கு ஆங்கிலத்தில் ஸ்பூல். அந்தச் சொல்தான் நிலைத்தது என்று ஒரு கதை, ஒரு நீண்ட தொடரின் முதலெழுத்துகள்தான் அது என்று இன்னொரு கதை. எதுவாக இருந்தாலும் இண்டைக்கும் விண்டோஸுக்குள் "பிரிண்ட் ஸ்பூலர்" என்ற பெயரில் அதே ஏற்பாடு உயிரோடு இருக்கு.

ஆகவே நாங்கள் பிரிண்ட் என்று அழுத்தும்போது கடிதம் நேரே பிரிண்டருக்குப் போவதில்லை. முதலில் கொம்பியூட்டருக்குள்ளேயே ஒரு வரிசையில் போய் நிற்கிறது. வரிசையின் முன்னால் நிற்கும் ஒரு கடிதம் பாதியில் செத்துப்போனால் பின்னால் நிற்கும் எல்லாமே நிற்கும். போஸ்ட் ஒஃபிஸ் வரிசையில் முன்னால் நிற்பவர் மயங்கி விழுந்தது மாதிரி. கனபேர் இந்த இடத்தில்தான் திரும்பத் திரும்பப் பிரிண்டை அழுத்தி, வரிசையை இன்னும் நீட்டி வைக்கிறார்கள். பிரிண்டர் உயிர்த்தெழும்போது ஒரே விண்ணப்பம் பதினாலு பிரதியாக வரும். செய்ய வேண்டியது வரிசையைத் திறந்து எல்லாவற்றையும் அழிப்பது. அழிய மறுத்தால் விண்டோஸின் சேவைகள் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, சிஸ்டம் ஃபோல்டருக்குள் ஸ்பூல் என்ற ஃபோல்டரில் தேங்கிக் கிடப்பதைத் துடைத்துவிட்டு, திரும்பத் தொடக்க வேண்டும். வரிசை சுத்தமான பிறகும் "ஒஃப்லைன்" என்றால்தான் சிக்கல் கொம்பியூட்டருக்கு வெளியே என்று யோசிக்கத் தொடங்கலாம்.

இந்தப் பழைய வரிசையைச் சும்மா சாதுவான ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சு நிரல், ஈரானின் நத்தான்ஸ் அணு ஆலைச் சுழலிகளைக் குறிவைத்தது. அது ஒரு கணினியில் இருந்து மற்றக் கணினிக்குப் பரவப் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் இருந்தது. பதினொரு வருசம் கழித்து, 2021இல், அதே ஸ்பூலரில் "பிரிண்ட்நைட்மேர்" என்ற ஓட்டை அம்பலமானது. பிரிண்ட் எடுக்காத கணினிகளில் ஸ்பூலரையே நிறுத்தி வையுங்கள் என்று நிபுணர்கள் சொல்ல வேண்டிய நிலைமை வந்தது. அதை அடைக்க மைக்ரோசொஃப்ட் விட்ட திருத்தங்களால் அந்த வருசம் பல அலுவலகங்களில் பிரிண்டர்கள் வேலை செய்யாமல் போயின. "ஒண்டும் செய்யேல்லை, சும்மா அப்டேட் ஆகினது, அதுக்குப் பிறகு பிரிண்ட் வரேல்லை" என்று யாராவது சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

பிரிண்டருக்காக இழுத்த வயர்

இப்போது எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருவோம். வலையமைப்பு என்ற ஒன்று முதலில் இருந்தது, பிறகு அதில் பிரிண்டரைக் கொண்டுவந்து ஒட்டினார்கள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நடந்தது கிட்டத்தட்ட மறுவளம்.

கெரி ஸ்டார்க்வெதர் என்ற ஒளியியல் பொறியியலாளர் 1960களின் கடைசியில் ஸெரொக்ஸ் நிறுவனத்தில், அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பக்கத்தில் வேலை செய்தார். போட்டோக்கொப்பி மெஷின் ஒரு மூலப்பிரதியின் ஒளியை உருளையில் விழுத்திப் பிரதி எடுக்கிறது. மூலப்பிரதியே இல்லாமல், லேசர் கற்றையால் அந்த உருளையில் நேரடியாக எழுதினால் என்ன என்று அவர் கேட்டார். அவருடைய மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. 1971இல் ஸ்டார்க்வெதர் நாட்டின் மற்றக் கரையில், கலிபோர்னியாவின் பாலோ அல்டோவில், ஸெரொக்ஸ் புதிதாகத் தொடங்கியிருந்த ஆய்வு நிலையத்துக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். அந்த வருசமே ஒரு கொப்பி மெஷினைப் பிரித்து மாற்றி லேசர் பிரிண்டரைச் செய்து காட்டினார். விநாடிக்கு ஒரு பக்கம், அங்குலத்துக்கு 500 புள்ளி.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்கத் தாள் எட்டரை அங்குல அகலம், பதினொரு அங்குல நீளம். அங்குலத்துக்கு 500 புள்ளி என்றால் ஒரு பக்கத்தில் 2 கோடியே 33 இலட்சத்துக்கு மேல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் கறுப்பா வெள்ளையா என்று சொல்ல ஒரு பிட் வேணும். விநாடிக்கு 9,600 பிட் போகும் கம்பியில் அதை அனுப்பினால் ஒரு பக்கத்துக்கு 40 நிமிடம். விநாடிக்கு ஒரு பக்கம் துப்பும் மெஷினுக்கு 40 நிமிடத்துக்கு ஒரு பக்கம் ஊட்டுவது யானைக்குக் கரண்டியால் தண்ணி பருக்குவது போலத்தான்.

அதே கட்டடத்தில் அப்போது ஆல்டோ என்ற கணினியைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு கணினி என்பதே அதன் புரட்சி. ஆனால் ஆளுக்கொரு லேசர் பிரிண்டர் கொடுக்க ஸெரொக்ஸாலும் ஏலாது. எல்லா ஆல்டோக்களும் ஒரே பிரிண்டரைப் பகிர வேண்டும், அதுவும் வேகமாக. அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டவர் பொப் மெட்கால்ஃப். 1973 மே 22ஆம் திகதி அவர் எழுதிய குறிப்பில்தான் "ஈதர்நெட்" என்ற பெயர் முதன்முதலாக வருகிறது. டேவிட் பொக்ஸோடு சேர்ந்து அவர் கட்டிய முதல் ஈதர்நெட் விநாடிக்கு 29.4 இலட்சம் பிட் கொண்டுபோனது. அந்தப் பிரிண்டர் ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இயர்ஸ்'. அதன் முதல் எழுத்து ஈதர்நெட், இரண்டாவது ஆல்டோ, மூன்றாவது எழுத்துருவாக்கும் கருவி, நாலாவது ஸ்டார்க்வெதரின் லேசர் மெஷின். இண்டைக்கு உலகத்து அலுவலகங்களையும் தரவு நிலையங்களையும் கட்டியிருக்கும் கம்பி, முக்கியமாக ஒரு பிரிண்டருக்குப் பக்கங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க இழுக்கப்பட்டது. பிரிண்டர் வலையமைப்பில் சேர மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது, அது தன்னுடைய சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் நிற்கிறது என்றுதான் சொல்ல வேணும்.

இதில் இன்னொரு திருப்பமும் இருக்கு. மெட்கால்ஃப் இந்த யோசனையை எடுத்தது ஒரு தீவுக்கூட்டத்தில் இருந்து. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் வெவ்வேறு தீவுகளில் இருந்தன. மத்திய கணினியோ ஒவாஹு தீவில். கடலுக்குக் குறுக்கே தொலைபேசிக் கம்பியை நம்புவதைவிட வானொலி நல்லது என்று நோர்மன் ஏப்ரம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் முடிவெடுத்தார்கள். 1971இல் ஓடத் தொடங்கிய அந்த வலையமைப்பின் பெயர் அலோஹா. அதன் விதி மிக எளிது. சொல்ல வேண்டியதைச் சொல்லிப் போடு. "கிடைத்தது" என்று பதில் வரவில்லையா? யாரோ அதே நேரத்தில் கதைத்து இரண்டும் மோதிவிட்டது. ஏதோவொரு நேரம் பொறுத்துத் திரும்பச் சொல்லு. எவ்வளவு பொறுப்பது என்பதை ஆளாளுக்குக் குலுக்கல் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒன்றாகப் பொறுத்து ஒன்றாகத் திரும்ப மோதுவார்கள். இந்த முறையில் அலைவரிசையின் 18 வீதத்துக்கு மேல் பயன்படுத்த ஏலாது என்று கணக்குச் சொன்னது. பேசுவதற்கு முதல் காதைக் கொடுத்துக் கேட்கச் சொல்லி, அதை மெட்கால்ஃப் கம்பிக்குள் கொண்டுவந்து மேம்படுத்தினார்.

கம்பிக்குள் போன அந்த யோசனை 1997இல் வைஃபையின் முதல் தரநிலையாக மறுபடி காற்றுக்கு வந்தது. அந்தத் தரநிலையின் எண் 802.11. வைஃபை என்ற விற்பனைப் பெயர் 1999இல்தான் வந்தது. அலோஹாவின் அடிப்படைப் பண்பாடு இன்னும் மாறவில்லை: கேள், பேசு, பதில் வராவிட்டால் பொறுத்துத் திரும்பச் சொல்லு. கொமியூனிகேசன்காரர் போட்டிருக்கும் வயருக்கு இந்தக் குலுக்கல் எதுவும் தேவையில்லை. அவர் வரலாறு படித்திருக்க மாட்டார், ஆனால் இந்த விசயத்தில் அவருடைய முடிவு சரி.

வைஃபை குடியேறிய 2.4 கிகாஹேர்ட்ஸ் இடம் வேறு ஒரு கதை. 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச மாநாட்டில், தொடர்பாடலுக்கு அல்லாமல் தொழிற்சாலை, மருத்துவக் கருவிகளுக்காக என்று ஒதுக்கப்பட்ட பட்டை அது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் அங்கேதான். 1985இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, உரிமம் இல்லாமலே அந்தக் குப்பைப் பட்டையில் குறைந்த வலுவில் கதைக்கலாம் என்று திறந்துவிட்டது. இலவசமான காணி என்பதால் எல்லாரும் அங்கேயே கொட்டில் போட்டார்கள். வைஃபை, புளூடூத், குழந்தையைக் கண்காணிக்கும் கருவி, எல்லாம். பிறகு 5 கிகாஹேர்ட்ஸ் என்ற விசாலமான காணி வந்ததும் ஃபோன்களும் மடிக்கணினிகளும் அங்கே குடிபெயர்ந்தன. விலை குறைந்த பிரிண்டர்களில் கனக்க இன்னும் பழைய 2.4 காணியை விட்டு அசையவில்லை. அதுதான் புது ரௌட்டர் வாங்கியதும் பழைய பிரிண்டர் காணாமல் போவதன் வழமையான காரணம். இரண்டு பட்டையையும் ஒரே பெயரில் ஒளிபரப்பும் ரௌட்டரில் சில பிரிண்டர்கள் தடுமாறும். அமைப்புகளுக்குள் போய் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்து, பிரிண்டரை 2.4இல் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் அடங்கும். "கெஸ்ட்" என்ற விருந்தினர் வலையில் பிரிண்டரோ கொம்பியூட்டரோ சிக்கியிருக்குதா என்றும் பாருங்கோ. அந்த வலையில் இருப்பவர்களை ஒருவரை ஒருவர் பார்க்க விடாமல் ரௌட்டர் வேண்டுமென்றே மறைக்கும்.

விலாசம் மாறின வீடு

எங்கட நாட்டில் பிரிண்டர் ஒஃப்லைன் ஆவதற்குப் பெரிய காரணம் எது என்று கேட்டால், கரண்டும் விலாசமும் சேர்ந்து செய்யும் வேலை என்றுதான் நாங்கள் சொல்லுவோம்.

வலையமைப்பில் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு ஐ.பி. விலாசம் வேணும். ஒரு காலத்தில் அதை ஒவ்வொரு கணினியிலும் ஒரு ஆள் கையால் எழுதி வைப்பார். கணினிகள் பெருகப் பெருக இது சரிவராது என்று 1993இல் டி.எச்.சி.பி. என்ற முறை வந்தது. 1997இல் அது இப்போதைய வடிவத்துக்குத் திருத்தப்பட்டது. இதன்படி விலாசம் யாருக்கும் சொந்தமில்லை, வாடகைதான். வீட்டில் ரௌட்டர்தான் காணிக்காரன். உள்ளே வருபவர் "ஒரு விலாசம் தாங்கோ" என்று கேட்பார், ரௌட்டர் இத்தனை மணித்தியாலத்துக்கு என்று ஒன்றைக் கொடுக்கும். தவணை முடிய முதல் புதுப்பித்தால் அதே விலாசத்தில் இருக்கலாம்.

பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் வந்துபோகும் கணினிகளுக்காக யோசித்த ஏற்பாடு இது. வந்துபோகும் ஆளுக்கு வாடகை விலாசம் போதும், அவர் மற்றவர்களைத் தேடிப் போகிறவர்தானே. பிரிண்டரின் நிலைமை வேறு. அதை மற்றவர்கள் தேடி வர வேணும். தேடி வருபவருக்கு விலாசம் மாறக்கூடாது. கடை ஒன்று கிழமைக்கொருக்கா இடம் மாறினால் வாடிக்கையாளர் என்ன செய்வார்?

கரண்ட் சீராக இருக்கும் ஊர்களில் இந்த வாடகை மாதக்கணக்கில் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போகும். ஒருத்தரும் கவனிக்க மாட்டினம். 2022ஐ நினைத்துப் பாருங்கோ. மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. (அதே மாதத்தில்தான் தாள் இல்லை எண்டு மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அந்தக் கிழமைகளில் பிரிண்டர் இணையாதது பெரிய கவலையாக இருந்திருக்காது.) கரண்ட் திரும்பி வரும்போது வீட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் கண் முழிக்கும். வீட்டு ரௌட்டர்களில் பல, யாருக்கு எந்த விலாசம் கொடுத்தோம் என்ற கணக்கை நினைவில் மட்டும்தான் வைத்திருக்கும். கரண்ட் போனதும் கொப்பி வெறுமை. முதலில் ஓடிவரும் ஃபோனுக்குப் பிரிண்டரின் பழைய விலாசத்தையே கொடுத்துவிடலாம். பிறகு வரும் பிரிண்டருக்கு வேறு ஒன்று. பிரிண்டருக்கு ஒரு குறையும் இல்லை, இணைந்துதான் இருக்கு, நீல லைட் பொய் சொல்லவில்லை. கொம்பியூட்டர் மட்டும் பழைய விலாசத்துக்குப் போய் கதவைத் தட்டிக்கொண்டு நிக்குது.

இதைவிடக் கெட்ட ஒரு வகையும் உண்டு. ரௌட்டர் முழுதாக எழும்ப ஓரிரு நிமிடம் எடுக்கும். அதுக்கு முதல் எழும்பிவிட்ட பிரிண்டர் விலாசம் கேட்டுக் கேட்டுக் களைத்து, தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொள்ளும். அது எப்போதும் 169.254 என்று தொடங்கும். இந்த எண்ணைக் கண்டால் விளங்கிக்கொள்ளலாம்: பிரிண்டர் விலாசம் கேட்ட நேரம் பதில் சொல்ல ஒருத்தரும் இருக்கவில்லை. பிரிண்டரை நிறுத்திவிட்டு, ரௌட்டர் முழுதாக எழும்பிய பிறகு போட்டால் பெரும்பாலும் சரி. கரண்ட் வந்தவுடன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாமல் ரௌட்டர், பிரிண்டர், கொம்பியூட்டர் என்ற ஒழுங்கில் போடச் சொல்வது இதனால்தான்.

சோதிக்கும் வழி எளிது. பிரிண்டரின் திரையிலோ, திரை இல்லாவிட்டால் அதன் பொத்தான்களாலோ, வலையமைப்பு அறிக்கை என்ற ஒரு பக்கத்தை அடிக்க வைக்கலாம். கொம்பியூட்டரே இல்லாமல் அது தானாக அடிக்கும். அதில் விலாசம் இருக்கும். அந்த எண்ணைக் கொம்பியூட்டரின் பிரவுசரில், இணையத்தளப் பெயர் எழுதும் இடத்தில் அடியுங்கோ. பெரும்பாலான வைஃபை பிரிண்டர்கள் தங்கட சொந்தப் பக்கம் ஒன்றைத் திறந்து காட்டும். அது திறந்தால் வைஃபை, ரௌட்டர், விலாசம் எல்லாம் சரி. பிழை கொம்பியூட்டரில் எழுதி வைத்திருக்கும் பழைய விலாசத்தில் அல்லது டிரைவரில். திறக்காவிட்டால் பிழை காற்றில் அல்லது ரௌட்டரில். அரை நாள் தலையை உடைப்பதை இந்த ஒரு சோதனை இரண்டு நிமிடமாக்கும்.

நிரந்தர வைத்தியம் ரௌட்டருக்குள் இருக்கு. டி.எச்.சி.பி. அமைப்பில், இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இதே விலாசம்தான் என்று ஒதுக்கி வைக்கலாம். அந்த ஒதுக்கீட்டை ரௌட்டர் கரண்ட் போனாலும் மறக்காது. பிறகு விண்டோஸில் பிரிண்டரின் போர்ட்டை அந்த விலாசத்துக்கு மாற்ற வேணும். போர்ட் எண் கேட்டால் பெரும்பாலும் 9100. அது 1991இல் ஹெச்.பி. நிறுவனம் பிரிண்டர்களை நேரே வலையமைப்பில் மாட்ட 'ஜெட்டைரெக்ட்' என்ற அட்டையை விட்டபோது தொடங்கிய வழக்கம். மற்ற நிறுவனங்களும் பிறகு அதையே பின்பற்றின. அதே பக்கத்தில் "எஸ்.என்.எம்.பி. நிலை" என்று ஒரு சின்னப் பெட்டி டிக் போட்டு இருக்கும். பிரிண்டர் அந்த விசாரிப்புக்குப் பதில் சொல்லாவிட்டால், உண்மையில் அடிக்கத் தயாராக இருந்தாலும் விண்டோஸ் ஒஃப்லைன் என்றே எழுதும். அந்த டிக்கை எடுத்ததும் குணமாகும் பிரிண்டர்கள் எத்தனையோ.

விலாசத்தை விட்டுப் பெயரால் தேடும் மரபும் ஒன்று உண்டு. 1985இல் அப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் 6,995 டொலருக்கு வந்தது. ஒரு ஆளுக்கு அந்த விலை கட்டாது, பல மெக்கின்டொஷ்கள் பகிர்ந்தால் கட்டும். அப்பிள்டோக் என்ற முறையில் "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீங்களா?" என்று மெஷின் குரல் கொடுக்கும், பிரிண்டர் தன் பெயரைச் சொல்லும். விலாசம் பற்றி மனிதருக்குக் கவலையே இல்லை. இணைய முறைகள் உலகை வென்றபோது அந்தச் சுகம் தொலைந்தது. ஸ்டுவர்ட் செஷயர் என்பவர் அதை ஐ.பி. உலகத்துக்கு மீட்டுக் கொண்டுவந்தார். 2002இல் ரொண்டிவூ என்ற பெயரில் மெக்கில் வந்தது, 2005இல் போன்ஜூர் ஆனது. 2010இல் ஐஃபோனுக்கு வந்த ஏர்பிரிண்ட் அதன்மேல் கட்டியதுதான். கொம்பியூட்டர் மறுத்த நேரத்திலும் ஃபோனில் இருந்து பிரிண்ட் வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஃபோன் விலாசத்தை மனப்பாடம் செய்வதில்லை, ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுக் கேட்கிறது. அவசரத்துக்கு ஃபோனில் இருந்து அடிப்பது மோசமான யோசனை இல்லை.

சிக்கினால் சொல்லும் பிரிண்டர்

ஒரு கதையை விட்டுவிட்டுப் போக மனமில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் 1970களில் ஒரு பிரிண்டர் இருந்தது. வேறு மாடியில் இருந்ததால் தாள் சிக்கினால் ஒருத்தருக்கும் தெரியாது. ரிச்சர்ட் ஸ்டோல்மன் அதன் நிரலைத் திருத்தி, தாள் சிக்கியதும் வரிசையில் காத்திருக்கும் எல்லாருடைய திரைக்கும் செய்தி போகும்படி செய்தார். நிரல் தாளை இழுத்து எடுக்கவில்லை. யாராவது எழும்பிப் போய் எடுக்க வேண்டும் என்று சொன்னது, அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

1980 அளவில் ஸெரொக்ஸின் புதிய லேசர் பிரிண்டர் வந்தது. வேகமானது, வடிவானது, ஆனால் இதுவும் சிக்கும். அதே வசதியைச் சேர்க்கலாம் என்றால் அதன் மூலநிரலைத் தரவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருந்தது. நேரே போய்க் கேட்டபோது, யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவர் மறுத்தார். 1983 செப்டெம்பர் 27ஆம் திகதி ஸ்டோல்மன் கனூ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்த மறுப்பும் இருந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கனூ வகுத்த பொது உரிமத்தின் கீழ் வளர்ந்த லினக்ஸ் கருவில்தான் இப்போது எங்கட வீட்டு ரௌட்டர்களில் கனக்க ஓடுகிறது. ஸ்டோல்மனின் எல்லாக் கருத்துகளோடும் நாங்கள் உடன்படுவதில்லை. ஆனால் "ஒஃப்லைன்" என்று மட்டும் எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் ஒவ்வொரு பெட்டியையும் பார்க்கும்போது, காசு கொடுத்து வாங்கின சாமான் தனக்கு என்ன வருத்தம் என்று சொல்லக்கூட மறுப்பது என்ன நியாயம் என்ற அவருடைய கோபம் எங்களுக்கும் வருது.

அதுபோல விளங்காத செய்திகளில் புகழ்பெற்றது ஹெச்.பி. லேசர்ஜெட்டின் சின்னத் திரையில் வந்த "பி.சி. லோட் லெட்டர்". 1999இல் வந்த 'ஒஃபிஸ் ஸ்பேஸ்' படத்தில் அதைப் பார்த்துத்தான் ஒருவர் கொதிக்கிறார். பி.சி. என்றால் கொம்பியூட்டர் இல்லை, தாள் தட்டு. லெட்டர் என்றால் கடிதம் இல்லை, அமெரிக்கத் தாள் அளவு. தட்டில் லெட்டர் அளவுத் தாள் வை என்கிறது. எங்களிடம் இருப்பது ஏ4. அமெரிக்க வழக்கப்படி லெட்டர் என்று அமைந்துவிட்ட ஒரு ஆவணத்தை அனுப்பினால் இண்டைக்கும் சில பிரிண்டர்கள் இல்லாத தாளுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட பி.டி.எஃப். மட்டும் வரவில்லை என்றால் தாள் அளவைப் பாருங்கோ.

கடைசிப் படை டிரைவர். ஒவ்வொரு மொடலுக்கும் நிறுவனம் தனித்தனியாக எழுதும் நிரல் அது. நிறுவனம் அந்த மொடலைக் கைவிட்டால் புது விண்டோஸில் நல்ல பிரிண்டரும் ஊமையாகிவிடும். இதை மாற்ற 1999இலேயே ஐ.பி.பி. என்ற பொது மொழி வந்தது. எந்தக் கணினியும் எந்தப் பிரிண்டரோடும் கதைக்கலாம் என்பதுதான் கனவு. 2013இல் கெனன், ஹெச்.பி., சாம்சங், ஸெரொக்ஸ் சேர்ந்து மொப்ரியா என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. 2023இல் மைக்ரோசொஃப்ட், நிறுவனங்கள் தரும் தனி டிரைவர்களைப் படிப்படியாக விண்டோஸ் அப்டேட்டில் இருந்து நிறுத்தி, இந்தப் பொது மொழிக்குப் போவதாக அறிவித்தது. நல்ல செய்திதான், பழைய மெஷின் வைத்திருப்பவர்களைத் தவிர. எங்கட வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் பழையவை, அல்லது வெளிநாட்டில் இருந்து யாரோ கொண்டுவந்து தந்தவை.

ஆகவே பாவித்த பிரிண்டர் ஒன்று வாங்கப் போனால், பெட்டியிலோ மொடல் விபரத்திலோ ஏர்பிரிண்ட் அல்லது மொப்ரியா என்று இருக்குதா என்று பாருங்கோ. இருந்தால் டிரைவர் இல்லாமலும் கனகாலம் சமாளிக்கும். இல்லாவிட்டாலும் உடனே தூக்கி எறியத் தேவையில்லை. விண்டோஸ் கைவிட்ட எத்தனையோ பிரிண்டர்களை லினக்ஸ் இன்னும் அடையாளம் காணும். அதுவும் சரிவராவிட்டால் பின்பக்கம் தடவிப் பாருங்கோ, சதுரமான ஒரு யூ.எஸ்.பி. ஓட்டை இருக்கும். ஸ்டிக்கரால் மூடி, "முதலில் வைஃபையில் அமைக்கவும்" என்று எழுதியிருந்தாலும் உரிச்சுப்போட்டு வயரைச் செருகலாம்.